மக்காத சருகு

கோமதியின் குடிசை வாசலில், ஆணியில் மாட்டியிருந்த வலைப்பையில் பூண்டு இருந்தது. நாகலக்ஷ்மி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அது அவளுடைய பை. நைலான் கொசுவலையைக் கத்தரித்து, பம்பாயில், மாட்டுங்கா வீட்டில் அவளே உட்கார்ந்து தைத்தது. அதற்குள் அவள் போட்டு வைத்திருந்தது பூண்டு அல்ல, தேக்கிலைச் சருகு.

குடிசைகளுக்குள்ளிருந்து தமிழ்ப் பேச்சு கேட்டதால் தமிழிலேயே கேட்டாள். “இது என்னோட பை. மேலே காட்டுல வெச்சிருந்தேன். நீங்களா எடுத்தேள்?”

வாசலில் குந்தி இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும். முகம் முழுக்க வேர்வை.

“ஆமா, கீழ கெடந்துச்சு. உள்ள வெறும் சருகுதான? அத அடுப்புல போட்டுட்டேன். பை கெட்டியா இருக்கேன்னு வச்சிக்கிட்டேன்.”

“மத்த பையெல்லாம்?”

“பக்கத்து வீட்டுக்காரியளுக்குக் குடுத்தேன். வெங்காயம் போட்டு வைக்க நல்லா இருக்குன்னாளுவ.”

நாகலக்ஷ்மிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட வேலை இது. பாண்டுப் மலைக்காட்டில் நான்கு சரிவுகளைத் தேர்ந்தெடுத்து, எடை பார்த்த சருகைப் பைபையாகத் தரையில் பதித்திருந்தாள். மாதாமாதம் சில பைகளை எடுத்துப் பார்த்தால், காட்டுத் தரை எவ்வளவு சருகைத் தின்று தீர்த்திருக்கிறது என்பது தெரியும். நாலாவது சரிவில் இப்போது ஒரு பையும் இல்லை.

“அது என் ஆராய்ச்சி. சருகு எப்படி மக்கறதுன்னு பார்க்கறேன்,” என்றாள், குரல் உடைய.

கோமதி கொப்பரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கேலி இல்லாத, நிஜமான சிரிப்பு. “சருகு மக்குதத பாக்கதுக்கா காலேஜ்ல சம்பளம் குடுக்காவ?”

நாகலக்ஷ்மிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது 1985 ஜூன் மாதம். மலை முழுக்க மழையில் கறுத்துக் கிடந்தது.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவள் கோமதி. கணவன் இசக்கி, பாண்டுப்பில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்தான். பிள்ளை இல்லை. கோமதி காலையில் இட்லி அவித்து ஸ்டேஷன் பக்கம் கொண்டுபோய் விற்பாள். அடுப்புக்கு விறகும் சருகும் காட்டிலிருந்துதான். டிசம்பரில் இலை உதிர ஆரம்பித்தால் அந்தச் சந்துப் பெண்கள் எல்லோரும் துடைப்பமும் சாக்குமாக மேலே போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். குடிசைகளுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடுவதால் அதொன்றும் கஷ்டமில்லை.

நாலாவது சரிவில் புதுப் பைகளைப் பதித்துவிட்டு, இனி அந்த நான்கு சரிவுகளில் யாரும் பெருக்கக் கூடாது என்று நாகலக்ஷ்மி கேட்டுக்கொண்டாள். கோமதி சந்து முழுக்கச் சொல்லி வைத்தாள். ‘டீச்சர் எடம்’ என்று அதற்குப் பேர் வைத்ததும் அவள்தான். நாலாவது டீச்சர் எடம் அவள் குடிசைக்கு நேர் மேலே இருந்தது. முன்பெல்லாம் ஒரு நடை போனால் சாக்கு நிறைந்துவிடும். இப்போது சரிவைச் சுற்றிக்கொண்டு தூரம் போக வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவள் முணுமுணுத்ததே இல்லை.

அந்த வருஷம் மழை ஒழுங்காகப் பெய்தது. செப்டம்பரில் நாகலக்ஷ்மி பையைப் பிரித்தபோது இலையில் நரம்பு மட்டும்தான் மிச்சம்; கையில் எடுத்தால் கறுப்பாகப் பொடிந்தது. அடியிலிருந்த மண்ணில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சணம் ஓடியிருந்தது. ரயில்பூச்சிகள் கூட்டமாக ஊர்ந்தன. ஒருநாள் கோமதி கேட்டாளென்று லென்ஸைக் கொடுத்தாள்.

“ஏயம்மா! தெள்ளுப்பூச்சி கணக்கா துள்ளுது. இம்புட்டுக்காணு பூச்சியா இவ்வளவு சருகையும் திங்குது?”

“அது கடிச்சுத் துண்டாக்கும். ரயில்பூச்சியும் மண்புழுவும் இன்னும் சின்னதாக்கும். மிச்சத்தைப் பூஞ்சணம் பார்த்துக்கும். எல்லாத்துக்கும் ஈரம் வேணும். ஈரம் இல்லேன்னா ஒண்ணும் நடக்காது.”

“அப்ப நாங்க பெருக்காட்டாலும் காடே பெருக்கிக்கிடும்னு சொல்லுங்க.”

“ஆமாம். அப்படித்தான்.”

காட்டிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் நாகலக்ஷ்மி அந்த வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பாள். இசக்கி வீட்டிலிருந்தால் எழுந்து நின்று, “வாங்க டீச்சர்,” என்பான். அதற்கு மேல் பேச மாட்டான். கோமதி பேசிக்கொண்டே இருப்பாள். மாட்டுங்காவில் அடுத்த வீட்டுக்காரி அகிலாண்டத்திடம்கூட நாகலக்ஷ்மி அவ்வளவு கலகலப்பாகப் பேசியதில்லை.

1986இல் மழை தவறியது. ஜூன் கடைசியில் வந்தது, வந்த வேகத்தில் நின்றது, ஜூலையில் நாலு நாள் கொட்டியது. ஆகஸ்டில் வானம் வெளுத்துவிட்டது. நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குறைத்தார்கள். மாட்டுங்கா வீட்டில் அவள் கணவர் மகாதேவன் அதிகாலையில் எழுந்து வாளி வாளியாகப் பிடித்து வைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்பினார்.

செப்டம்பரில் நாகலக்ஷ்மி முதல் பையைப் பிரித்தாள். இலை இலையாகவே இருந்தது. எடை போட்டுப் பார்த்ததில் அவள் உள்ளே வைத்ததற்கும் வெளியே எடுத்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை. தராசில்தான் கோளாறோ என்று இன்னொரு தராசில் நிறுத்தாள். அதுவும் அதையே சொன்னது. சருகை விலக்கினால் கிளம்பும் ஈர வாசனை எங்கேயும் இல்லை. தூசிதான் மூக்கில் ஏறியது. ரயில்பூச்சிகள் சுருண்டபடியே காய்ந்து, தொட்டால் வளையம் வளையமாக உதிர்ந்தன.

கல்லூரி ஆய்வகத்தில் மண்ணைப் புனலில் கொட்டி மேலே விளக்கைப் போட்டாள். சூட்டுக்குப் பயந்து மண்ணிலுள்ள பூச்சிகள் கீழே இறங்கி, அடியில் வைத்த சாராயக் குப்பியில் விழும். போன வருஷம் குப்பியின் அடி வெள்ளைவெள்ளையாய் நிறைந்திருந்தது. இந்த வருஷம் நாலைந்து புள்ளிகள் மிதந்தன. விளக்கை அணைக்க மனமில்லாமல், ஏதாவது விழாதா என்று அவள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

டிசம்பர் வந்தது. மரங்கள் எப்போதையும்விடச் சீக்கிரமாகவே இலையைக் கொட்டின. பழைய சருகு அப்படியே கிடக்க, அதன்மேல் புதுச் சருகு விழுந்தது. முன்பு கணுக்கால் வரை புதைந்த இடத்தில் முழங்கால் புதைந்தது. நடந்தால் அப்பளக் கட்டை நொறுக்குவதுபோலச் சத்தம்.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவர் பேராசிரியர் திருவேங்கடம். பிப்ரவரியில் நாகலக்ஷ்மி அவரைப் போய்ப் பார்த்தாள். எண்களைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

“இதை நீ கெட்ட வருஷம்னு நினைச்சிண்டிருக்கியா? இதுதாம்மா உன் தீஸிஸ். பூமி சூடாயிண்டு வர்றதுன்னு வெளிநாட்டுல எழுத ஆரம்பிச்சிருக்கா. மழை இப்படித் தப்ப ஆரம்பிச்சா நம்ம காட்டுத் தரை என்ன ஆகும்? யார்கிட்டயும் ஒரு நம்பர் கிடையாது. உங்கிட்ட இருக்கு.”

“ஸார், சருகு முழங்கால் ஆழம் இருக்கு. ரெண்டு வருஷத்துச் சருகு. கீழேயே குடிசைகள் இருக்கு.”

“அது தீப்பிடிக்கற காடுதான். வருஷா வருஷம் எங்கேயாவது பிடிக்கும், அணையும். நீ இல்லேன்னாலும் பிடிக்கும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஜூன் வரைக்கும் ஒண்ணையும் தொடாதே,” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மாணவர்களின் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளாத பேராசிரியர் அந்தத் துறையில் அவர் ஒருவர்தான். அதனால்தான் அவர் சொன்னது அவள் மனதில் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

மார்ச் முதல் வாரத்தில், பாண்டுப்புக்கு வரும் லோக்கல் ரயிலிலிருந்து பார்த்தபோது, முலுண்ட் பக்கத்து மலையில் ஒரு தோள் முழுவதும் கறுத்துக் கிடந்தது. நடுவில் இன்னும் புகை எழும்பியது. ஸ்டேஷனிலிருந்து அவள் நேராகக் கோமதியிடம்தான் போனாள்.

“கோமதி, என் இடத்தையெல்லாம் பெருக்கிடுங்கோ. எவ்வளவு முடியுமோ அவ்வளவு அள்ளிடுங்கோ.”

“ஒங்க படிப்பு?”

“பரவாயில்லை. அள்ளிடுங்கோ.”

சந்துப் பெண்கள் திருவிழாவுக்குப் போவதுபோலக் கிளம்பினார்கள். அத்தனை சருகை அவர்கள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. நாகலக்ஷ்மி முன்னால் போய்ப் பைகளைப் பொறுக்கியெடுக்க, பின்னாலேயே துடைப்பங்கள் வந்தன. முதல் சரிவு, இரண்டாவது, மூன்றாவது. வெறும் செம்மண் தெரியத் தெரிய அவள் பொறுக்கிய பைகளை எண்ணிக்கொண்டே போனாள். இரண்டு வருஷ உழைப்பு சாக்குகளில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

நாலாவது சரிவுக்கு வந்தபோது அவளால் முடியவில்லை.

“இது மட்டும் இருக்கட்டும் கோமதி,” என்றாள்.

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கோமதி அவளைப் பார்த்தாள். “இது எங்க வீட்டுக்கு மேலல்லா இருக்கு?”

“தெரியும். ஆனா இதுவும் போயிடுத்துன்னா எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. ஜூன் வரைக்கும்தான். முதல் மழை விழுந்த அன்னைக்கே நானே வந்து பெருக்கறேன். வீட்டுக்கும் இதுக்கும் நடுவுல அகலமா ஒரு வரப்பு மாதிரி சுத்தம் பண்ணிடலாம். தீ அதைத் தாண்டாது.”

கோமதி சரிவையும் தன் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கூரையில் தகரமும் தார்ப்பாயும் மூங்கிலும் கலந்து கிடந்தன.

“நீங்க சொன்னா சரி, டீச்சர்,” என்றாள்.

இருவரும் சேர்ந்தே அந்த இடைவெளியைச் சுத்தம் செய்தார்கள். இசக்கி வேலையிலிருந்து வந்து மண்வெட்டியால் வேரையும் செதுக்கிவிட்டான். நாகலக்ஷ்மி குறுக்கே நடந்து பார்த்தாள். போதும் என்றுதான் தோன்றியது.

அன்று வீட்டில் மகாதேவனிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “மூணைப் பெருக்கினே. நாலாவதை ஏன் விட்டே?”

“மூணை விட்டுக்கொடுத்தேனே, அது உங்களுக்குப் பெரிசாத் தெரியலையா?” என்று எரிந்து விழுந்தாள். அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

ஏப்ரலில் தேர்வுகள். தீப்பிடித்த மதியம் நாகலக்ஷ்மி கல்லூரி ஹாலில் மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலை வழக்கம்போல டப்பாக்களும் கரண்டியும் லேபிள்களுமாகப் பாண்டுப்பில் இறங்கினாள். மலையை நோக்கித் திரும்பும் தெருவிலேயே வாசனை வந்துவிட்டது. அதன்பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சந்தின் மேற்கோடியில் மூன்று குடிசைகள் இல்லை. அதில் ஒன்று கோமதியுடையது. கம்புகள் கரியாய் நின்றன. மற்ற குடிசைகள் தப்பியிருந்தன. அவள் அறிந்த பெண்களில் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோமதி ஆஸ்பத்திரியில கெடக்கா, டீச்சர். மேலேருந்து தீ எறங்கி வந்துச்சு. காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. நாங்க எல்லாம் தண்ணியத் தூக்கிட்டு நின்னோம். அவதான் மேல ஏறிப் போயி ஒங்க எடத்துச் சருகக் கையால வாரி வாரி எறிஞ்சா. இன்னும் கொஞ்சம் எடம் விட்டுட்டா தீ நின்னுடும்னு சொன்னா. வான்னு கத்துனோம், வரமாட்டேன்னுட்டா.”

நாகலக்ஷ்மி மேலே ஏறினாள். ஏன் ஏறினாள் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. கால் தானாகப் போனது. நாலாவது சரிவு சாம்பல்மேடாகக் கிடந்தது. கரியில் பச்சையும் வெள்ளையுமாகச் சில கட்டிகள் பளபளத்தன. குனிந்து ஒன்றை எடுத்தாள். உருகி உறைந்த நைலான். அவளுடைய பைகள். அவை சிதறிக் கிடந்த விதத்திலிருந்து தீ எந்த வழியாக வந்து, எங்கே அந்தச் சுத்தம் செய்த இடத்தைத் தாண்டியது என்பது தெளிவாகத் தெரிந்தது. தீ வெறும் தரையில் ஊர்ந்து தாண்ட வேண்டியதில்லை. எரிகிற சருகைக் காற்று தூக்கிப்போட்டால் போதும். பெருக்கிய மூன்று சரிவுகளில் தீ வந்த சுவடே இல்லை.

பழக்கம் என்பது அப்படிப்பட்டது. அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். சாம்பலும் மண்ணுமாக ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள். இரண்டாவது கரண்டி அள்ளும்போது பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

இசக்கி. கையில் நசுங்கிய இட்லிக் கொப்பரை. நேற்றுப் போட்ட சட்டை.

“என்ன எடுக்கிய?” என்றான்.

“மண்ணு.”

அவன் வெகுநேரம் டப்பாவையே பார்த்தான்.

“அவ கையில தோலு இல்ல டீச்சர். ஒங்க பையி உருகி ஒட்டிக்கிட்டு. டாக்டர் கத்தரிக்கோல வச்சு வெட்டி எடுத்தாவ. அவ கத்துன கத்து இன்னும் எனக்குக் காதுல கேக்குது.” குரல் உயரவே இல்லை. “நீங்க மண்ணு அள்ளுதிய.”

அவள் டப்பாவைக் கவிழ்த்தாள். அள்ளியது சத்தமில்லாமல் கீழே விழுந்து, காற்றில் பாதி பறந்தது. இசக்கி அதற்குள் இறங்கிப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் கோமதியின் இரண்டு கைகளும் முழங்கை வரை துணி சுற்றி, தலையணைமேல் வைக்கப்பட்டிருந்தன. முன்தலை முடி கருகியிருந்தது. நாகலக்ஷ்மி ஸ்டூலில் உட்கார்ந்தாள். 

கோமதிதான் முதலில் பேசினாள். மருந்து மயக்கத்தில் வார்த்தைகள் குழறின.

“அந்த நாலாவது எடத்தையும் பெருக்கியிருக்கலாம்லா, டீச்சர்?”

“ஆமாம் கோமதி,” என்றாள் நாகலக்ஷ்மி.

கோமதி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நாகலக்ஷ்மி பயந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி குடுங்க,” என்று மட்டும் கேட்டாள். நாகலக்ஷ்மி தம்ளரை அவள் உதட்டில் வைத்தாள்.

அந்தக் கோடை முழுக்க நாகலக்ஷ்மி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். சாதம் பிசைந்து ஊட்டினாள், தலை வாரினாள். அவள் வார்டுக்குள் நுழைவது தெரிந்தால் இசக்கி எழுந்து வெளியே போய்விடுவான். தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் வைத்தார்கள். ஒரு தடவை ஒட்டவில்லை, மறுபடி வைத்தார்கள். கடைசியில் புண் ஆறியது. ஆனால் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி நின்றுவிட்டன. வலது கையில் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அந்தக் கையால் இட்லி மாவு கரைக்கவோ, துடைப்பம் பிடிக்கவோ, தன் புடவையைத் தானே கட்டவோ முடியாது.

அந்த வருஷமும் மழை தாமதம். வந்தபோது ஒரேயடியாக வந்தது. மூடிக்கொள்ளச் சருகில்லாத நாலாவது சரிவின் மேல்மண் முதல் பெருமழையிலேயே கரைந்து, குடிசைகள் இருந்த இடத்தின்மேல் சிவப்புச் சேறாக வழிந்து போனது. காட்டு ஓரத்தில் மறுபடி குடிசை போட வனத்துறை விடவில்லை. ட்ராம்பே பக்கம் சீத்தா கேம்ப்பில் இசக்கியின் சித்தப்பா மகன் இருந்தான். அவன் வீட்டை ஒட்டி ஒரு அறை கிடைத்தது. இருவரும் அங்கே போனார்கள். இசக்கி அங்கிருந்து பாண்டுப் கம்பெனிக்கு இரண்டு ரயில் மாறிப் போய்வந்தான்.

இனி ஆராய்ச்சியை எழுதுவதில்லை என்று நாகலக்ஷ்மி தீர்மானித்திருந்தாள். திருவேங்கடம் ஸாரிடம் போய்ச் சொல்லியும்விட்டாள். அவர் முகம் சுண்டிவிட்டது. “ஜூன் வரைக்கும் தொடாதேன்னு நான்தான் சொன்னேன்,” என்றார் மெதுவாக. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “ஆனா பாரு, எரியறதுக்கு முன்னால ரெண்டு வருஷக் கணக்கோட ஒரு சரிவு. இந்த தேசத்துலேயே யாருக்கும் கிடைக்காத விஷயம் அது.”

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அவளைத் திரும்ப அனுப்பியது மகாதேவன்தான். “எழுதலேன்னா அவளுக்குக் கை வந்துடுமா?” என்று கேட்டார். “மழை தப்பினா சருகு மக்காது, அது எங்கே கொண்டு விடும்னு உனக்குத் தெரியும். நாளைக்கு இன்னொருத்திக்குத் தெரியணுமா, வேண்டாமா?” அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததாலேயே அவளுக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. இருந்தாலும் எழுதினாள்.

1988இல் நல்ல மழை. பெருக்கிய மூன்று சரிவுகளிலும் புதுச் சருகின் அடியில் மறுபடி பூஞ்சணம் ஓடியது. புனலடிக் குப்பியில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. நாலாவது சரிவில் கல்லும் புல்லும்தான். அங்கே எடுத்த மண்ணில் எறும்பு தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அவள் அதையெல்லாம் எழுதினாள்.

வாய்மொழித் தேர்வு மறுவருஷம் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த மனிதர், மரியாதையானவர். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு வந்திருந்தார்.

“மூன்று சரிவுகளை நடுவிலேயே கைவிட்டிருக்கிறீர்களே, ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கீழே வசிக்கும் மக்கள் பெருக்கினார்கள். தீ வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன்.”

“நாலாவதை?”

“அதை மட்டும் பெருக்க நான் விடவில்லை.”

அவர் புன்னகைத்தார். “நல்ல வேளை விடவில்லை. இந்த ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான்.”

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையசைத்தார்கள். திருவேங்கடம் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதியின் பெயர் அந்த ஆய்வேட்டில் எங்கும் இல்லை. முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில் எழுதி, எழுதி, ஒவ்வொரு முறையும் அடித்திருந்தாள். எதற்கென்று நன்றி சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் இறங்கி, பஸ் பிடித்துச் சீத்தா கேம்ப்புக்குப் போனாள். மாதம் ஒருமுறையாவது போய்க்கொண்டுதான் இருந்தாள். கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டு சபுரா, மேலப்பாளையத்துக்காரி, கோமதிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நாகலக்ஷ்மியைப் பார்த்ததும் ரப்பரைச் சுற்றிவிட்டு, “பேசிக்கிட்டிருங்க, சாயா போட்டுட்டு வாரேன்,” என்று போனாள்.

“பரீட்சை முடிஞ்சிட்டா?” என்றாள் கோமதி.

“முடிஞ்சுது. பட்டம் குடுத்துட்டா.”

“அப்ப இனிமே டாக்டர்னு கூப்புடணுமா?”

“டீச்சர்னே கூப்பிடு.”

கோமதி சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்புதான், ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த இசக்கி எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் பார்க்காமல் வெளியே போனான். அவன் செருப்புச் சத்தம் சந்து முனையில் ஓய்ந்தது.

“ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடக் கூடாது,” என்றாள் கோமதி.

“சொல்லு.”

“இனிமே வராதிய, டீச்சர்.”

நாகலக்ஷ்மி அவளைப் பார்த்தாள்.

“எனக்கு ஒங்க மேல கோவம் இல்லைன்னு சொன்னா பொய்யி. இருக்கு. ஆனா அதோட நான் இருந்துக்கிடுவேன். நீங்க வந்தா எனக்குச் சந்தோஷமாவும் இருக்கு, அதுவும் பொய்யில்ல. அவருக்குத்தான் முடியல. நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு அவரு சாப்புடுததில்ல. மறுநாளும் சாப்புடுததில்ல. வேலைக்குப் போவாம சந்துல சுத்திக்கிட்டு கெடக்காரு. எனக்குச் சோறு ஊட்டுத மனுசன் அவருதான், டீச்சர். அவரு நல்லா இருக்கணும்லா?”

“இருக்கணும்,” என்றாள் நாகலக்ஷ்மி.

சபுரா இரண்டு கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்தாள். நாகலக்ஷ்மி ஒன்றை எடுத்து ஆற்றி, கோமதியின் வாயருகே கொண்டுபோனாள். கோமதி இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் போதுமென்று தலையசைத்தாள். தன் கிளாஸை நாகலக்ஷ்மி முழுக்கக் குடித்து முடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது. இடையில் நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டியிருக்கும் என்பதால் நிறுத்தவில்லை.

கிளம்பும்போது சபுரா சந்து முனைவரை கூடவே வந்தாள்.  பஸ் நிற்கும் இடத்தை மட்டும் கைகாட்டிவிட்டு, “கோமதி தலைய நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. ட்ராம்பே ரோட்டின் தூசியில் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்து எங்கே என்று இரண்டு தரம் கேட்டபிறகுதான் அவள் சில்லறையை நீட்டினாள்.

அதன்பிறகு நாகலக்ஷ்மி சீத்தா கேம்ப்புக்குப் போகவில்லை.